சிறு ஊரில் மனை வாங்கியது முதல் சொத்து வரி ரசீது வரை: எதை முதலில் செய்வது, எதைப் பிறகு செய்வது

என்னிடம் வருகிறவர்கள் பெரும்பாலும் கையில் ஒரு வரி ரசீதோடு வருவார்கள். "வரி என் பேர்ல கட்டிக்கிட்டுதான் இருக்கேன், ஆனா பிளான் அப்ரூவல் தர மாட்டேங்கிறாங்க" என்பார்கள். ரசீது உண்மையானதுதான். ஆனால் நிலம் இவருடையது என்றோ, அங்கே வீடு கட்டலாம் என்றோ அது எங்கும் சொல்லவில்லை. கட்டடம் இருக்கிறது, அதற்கு இவ்வளவு வரி, இவர் கட்டினார். ரசீது சொல்வது அவ்வளவுதான்.

தமிழ்நாட்டில் ஒரே மனைக்கு நான்கு இடங்களில் கணக்கு உண்டு. பத்திரம் பதிவுத்துறையில் இருக்கும், பட்டா வருவாய்த்துறையில். நிலப்பயன்பாட்டையும் மனை அங்கீகாரத்தையும் நகர் ஊரமைப்புத் துறை வைத்திருக்கும். வரிக் கணக்கு பேரூராட்சியிலோ நகராட்சியிலோ இருக்கும். பெயர், பரப்பு, புல எண் மூன்றும் இந்த நான்கிலும் ஒன்றாக இருக்க வேண்டும். அப்படி ஒன்றாக்கும் வேலைதான் இது முழுவதும். வரி அதில் கடைசிப் படி. அதை முதல் படியாக எடுத்துக்கொள்கிறவர்கள்தான் பிறகு திரும்பத் திரும்ப அலைகிறார்கள்.

தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

கிரயப் பத்திரம், அதற்கு முந்தைய மூலப் பத்திரங்கள், குறைந்தது 30 ஆண்டுகளுக்கு வில்லங்கச் சான்று, பட்டா நகல், புலப்படம், முந்தைய உரிமையாளரின் கடைசி வரி ரசீது, உங்கள் அடையாள அட்டை. பாகப்பிரிவினையோ வாரிசுரிமையோ என்றால் இறப்புச் சான்றும் வாரிசுச் சான்றும் வேண்டும்.

முந்தைய உரிமையாளரின் வரி ரசீதைப் பலர் வாங்க மறந்துவிடுகிறார்கள். பத்திரம் முடிந்து ஆறு மாதம் கழித்து அவரைத் தேடிப் போவது கஷ்டம். பதிவு நாளன்றே கேட்டு வாங்கிவிடுங்கள். அதில் இருக்கும் வரிவிதிப்பு எண்தான் பின்னால் பெயர் மாற்றத்துக்கு ஆதாரம்.

1. உங்கள் மனை எந்த எல்லைக்குள் இருக்கிறது என்று முதலில் உறுதி செய்யுங்கள்

இதைச் சொல்லவே தேவையில்லை என்று தோன்றும். ஆனால் ஊர் ஓரத்து மனைகளில் குழப்பம் இங்கேதான் தொடங்குகிறது. ஒரே தெருவில் ஒரு பக்கம் பேரூராட்சி, மறுபக்கம் கிராம ஊராட்சி என்று இருக்கும். இரண்டுக்கும் வரி முறை வேறு, விண்ணப்பிக்கும் தளம் வேறு, அதிகாரியும் வேறு. பேரூராட்சி என்றால் செயல் அலுவலர், நகராட்சி என்றால் ஆணையர்.

அண்மையில் நகராட்சியோடு இணைக்கப்பட்ட ஊராட்சிப் பகுதி என்றால் இன்னொரு படி உண்டு. ஊராட்சியில் போட்டிருந்த பழைய வீட்டு வரி எண்ணுக்கு நகராட்சியில் புது எண் விழுந்திருக்கும். இரண்டையும் இணைத்துக் காட்டும் பதிவைக் கேட்டு நகல் வாங்கிக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் பழைய எண்ணில் கட்டிய வரி புதிய கணக்கில் பாக்கியாகவே நிற்கும்.

அடுத்து, அந்த இடம் முழுமைத் திட்டம் (ஊரின் எந்தப் பகுதியை எதற்குப் பயன்படுத்தலாம் என்று வகுக்கும் 'மாஸ்டர் பிளான்') உள்ள பகுதியா, திட்டம் இல்லாத பகுதியா என்று பாருங்கள். 4ஆம் படியில் எந்த வழியில் போவது என்பதை இதுதான் முடிவு செய்யும்.

2. எல்லாப் பரப்பையும் ஒரே அளவுக்கு மாற்றுங்கள்

பத்திரத்தில் சதுர அடி அல்லது சென்ட், பட்டாவில் ஹெக்டேர்-ஏர், கட்டட வரைபடத்தில் சதுர மீட்டர் என்று இருக்கும். இப்படி இருந்தால் எந்த வித்தியாசமும் கண்ணில் படாது. ஒரு தாளில் எல்லாவற்றையும் சதுர அடியாக எழுதிக்கொள்ளுங்கள்.

1 சென்ட் 435.6 சதுர அடி. 1 ஏர் 100 சதுர மீட்டர், அதாவது சுமார் 1,076 சதுர அடி. பட்டாவில் 0-02.50 என்று இருந்தால் 0 ஹெக்டேர், 2.50 ஏர், அது 250 சதுர மீட்டர், ஏறக்குறைய 2,691 சதுர அடி. உங்கள் பத்திரம் 2,400 சதுர அடி என்று சொன்னால், மீதி 291 சதுர அடி யாருடையது? பாதைக்கு விட்டதா, பக்கத்து மனைக்காரருடையதா, அல்லது உங்கள் மனை தனி உட்பிரிவாகப் பிரியவே இல்லையா? இதற்குப் பதில் கிடைக்காமல் அடுத்த படிக்குப் போகாதீர்கள். இனி வரும் எல்லா விண்ணப்பங்களிலும் இந்த எண்தான் ஓடும்.

2.50 என்பதை இரண்டரை சென்ட் என்று படித்து, "பட்டாவில் பாதி நிலத்தைக் காணோம்" என்று பதறி வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். ஏரும் சென்டும் வேறு. இரண்டரை ஏர் என்பது ஆறு சென்டுக்கும் மேல்.

3. பட்டாவை உங்கள் பெயருக்குக் கொண்டு வாருங்கள்

வருவாய்த்துறையின் 'எங்கிருந்தும் எந்நேரமும்' தளத்தில் பட்டா, 'அ' பதிவேடு, புலப்படம் மூன்றையும் எடுத்துவிடலாம். நகர நில அளவை முடிந்த ஊர் என்றால் பழைய சர்வே எண்ணைப் போட்டால் எதுவும் வராது. வார்டு, பிளாக், நகர புல எண் என்று கேட்கும். பத்திரத்தில் பழைய எண் மட்டும் இருந்தால், அதற்கு இணையான நகர புல எண்ணை வட்டாட்சியர் அலுவலகத்தில் கேட்டு வாங்க வேண்டும்.

முழுப் புல எண்ணையும் வாங்கியிருந்தால், அதாவது உட்பிரிவு செய்யத் தேவையில்லை என்றால், பத்திரப் பதிவோடு பட்டா தானாக மாறும் வசதி இருக்கிறது. ஒரு பகுதியை மட்டும் வாங்கியிருந்தால் சர்வேயர் வந்து அளந்து உட்பிரிவு செய்ய வேண்டும். சிறு ஊர்களில் பெரும்பாலான மனைகள் இந்த இரண்டாவது வகைதான். 'தானா மாறிடும்' என்று காத்திருந்து இரண்டு வருடம் போனவர்கள் உண்டு. பதிவு முடிந்த ஒரு மாதத்துக்குள் தளத்தில் பாருங்கள். மாறவில்லை என்றால் உட்பிரிவுடன் கூடிய பட்டா மாறுதலுக்கு விண்ணப்பியுங்கள்.

'அ' பதிவேட்டைப் பார்ப்பதற்குத் தனிக் காரணம் இருக்கிறது. நிலம் நஞ்சையா, புஞ்சையா, நத்தமா, புறம்போக்கா என்ற வகைப்பாடு அங்கேதான் தெரியும். புறம்போக்கு, அதிலும் ஏரி, ஓடை, வாய்க்கால் போன்ற நீர்நிலைப் புறம்போக்கு என்று வந்தால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். வரி ரசீதோ மின் இணைப்போ அதைக் காப்பாற்றாது. முப்பது வருடம் வரி கட்டிய வீடு என்று சொல்லி விற்பவர்கள் இருக்கிறார்கள். வாழ்நாள் சேமிப்பை அதில் போட்டுவிட்டு அறிவிப்புக் கடிதத்தோடு நிற்கும் குடும்பங்களைப் பார்க்கும்போது, ஐந்து நிமிட வேலையை யாரும் சொல்லிக்கொடுக்கவில்லையே என்றுதான் மனம் வலிக்கிறது.

4. நிலப்பயன்பாடு: அவசரப்படாமல் பார்க்க வேண்டிய படி

பட்டாவில் 'புஞ்சை' என்று இருப்பதும், முழுமைத் திட்டத்தில் 'வேளாண்மைப் பகுதி' என்று இருப்பதும் ஒன்றல்ல. முதலாவது வருவாய்த்துறையின் வகைப்பாடு. இரண்டாவது நகர் ஊரமைப்புத் துறை அந்த இடத்தில் என்ன செய்யலாம் என்று வகுத்திருப்பது. பட்டாவில் புஞ்சையாக இருக்கும் நிலம் முழுமைத் திட்டத்தில் குடியிருப்புப் பகுதியாக இருக்கலாம். அதில் சிக்கல் குறைவு. பட்டாவில் மனை என்று எழுதியிருந்து திட்டத்தில் வேளாண்மையாக இருந்தால்தான் தொல்லை.

முழுமைத் திட்டம் உள்ள ஊரில் நிலம் குடியிருப்பு, கலப்புக் குடியிருப்பு, வணிகம், தொழில், நிறுவனம், வேளாண்மை என்று பிரிக்கப்பட்டிருக்கும். உங்கள் புல எண் எந்தப் பிரிவில் வருகிறது என்று உள்ளூர்த் திட்டக் குழுமத்திலோ மாவட்ட நகர் ஊரமைப்பு அலுவலகத்திலோ எழுத்து மூலமாகக் கேட்டு வாங்குங்கள். வாய்ச்சொல் போதாது. வரைபடத்தில் வண்ணத்தைப் பார்த்து நீங்களே முடிவு செய்வதும் வேண்டாம். ஒரு புல எண்ணின் நடுவே கோடு போகும் இடங்கள் உண்டு.

பயன்பாடு ஒத்துவரவில்லை என்றால் நிலப்பயன்பாட்டு மாற்றத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும். அதற்கு இரண்டு வழிகள். முழுமைத் திட்டம் உள்ள பகுதி என்றால் 1971ஆம் ஆண்டு நகர் ஊரமைப்புச் சட்டத்தின் 32ஆம் பிரிவின் கீழ் திட்டத்தையே அந்தப் புல எண்ணுக்குத் திருத்த வேண்டும். திட்டம் இல்லாத பகுதியில் விவசாய நிலத்தை வேறு பயன்பாட்டுக்கு மாற்ற அதே சட்டத்தின் 47-அ பிரிவும் 2017ஆம் ஆண்டு விதிகளும் பொருந்தும். நஞ்சை என்றால் மாவட்ட ஆட்சியரின் ஒப்புதலும் தேவைப்படும். எந்த வழியானாலும் மாதக்கணக்கில் ஆகும். அதனால் வரிசையில் நான்காவதாக இருந்தாலும், முடிந்தால் இதை வாங்குவதற்கு முன்பே பார்த்துவிடுங்கள். வாங்கிய பிறகு பார்த்தால் வங்கிக் கடனுக்கு வட்டி ஓடிக்கொண்டிருக்கும், வீட்டு வேலையோ தொடங்கியிருக்காது.

இங்கே அடிக்கடி நடக்கும் தவறு ஒன்று: சுற்றியிருக்கும் பத்து வீடுகளைக் காட்டி "அவங்க எல்லாம் கட்டலையா?" என்று கேட்பது. அவர்கள் எந்த ஆண்டில், எந்த விதியின்படி கட்டினார்கள், அனுமதியோடு கட்டினார்களா என்று உங்களுக்குத் தெரியாது. பக்கத்து வீடு உங்கள் மனைக்குச் சான்று ஆகாது.

நத்தம் நிலத்துக்கு வழி கொஞ்சம் வேறு. அது பழைய குடியிருப்பு நிலம் என்பதால் வேளாண்மை மாற்றக் கேள்வி பெரும்பாலும் எழாது. ஆனால் பழைய நத்தம் வீடுகளில் எல்லை அளவு பத்திரத்துக்கும் தரைக்கும் ஒத்துவராது. 2ஆம் படியை அங்கே இன்னும் கவனமாகச் செய்யுங்கள்.

5. மனைக்கு அங்கீகாரம் இருக்கிறதா?

நிலப்பயன்பாடு குடியிருப்பு என்று வந்துவிட்டதாலேயே மனை அங்கீகாரம் பெற்றதாக ஆகிவிடாது. மனைப்பிரிவு வரைபடத்துக்குத் தனி அனுமதி எண் இருக்கும். விற்பவர் காட்டும் வரைபட நகலில் இருக்கும் எண்ணை நகர் ஊரமைப்பு அலுவலகத்தில் ஒப்பிட்டுப் பாருங்கள். 'பஞ்சாயத்து அப்ரூவல்' என்ற சொல்லை நம்ப வேண்டாம். மனைப்பிரிவுக்கு உள்ளாட்சியின் முத்திரை மட்டும் போதாது, ஊரமைப்புத் துறையின் தொழில்நுட்ப அனுமதியும் வேண்டும்.

அங்கீகாரமற்ற மனைகளின் பத்திரப் பதிவைத் தடுக்கும் பதிவுச் சட்டத்தின் 22-அ பிரிவு நடைமுறைக்கு வந்த 2016 அக்டோபர் 20 இங்கே முக்கியமான நாள். அந்த நாளுக்குள் விற்கப்பட்ட அங்கீகாரமற்ற மனைகளுக்கு, கட்டணம் வாங்கி அங்கீகரிக்கும் 2017ஆம் ஆண்டு வரன்முறை விதிகள் வந்தன. விண்ணப்பிக்கும் காலக்கெடு பலமுறை நீட்டிக்கப்பட்டது. உங்கள் மனை இந்த வகை என்றால், வரன்முறை ஆணை ஏற்கெனவே பெறப்பட்டதா என்று விற்பவரிடம் கேளுங்கள். "கட்டணம் கட்டியாச்சு" என்றால் ரசீதை மட்டும் பார்க்காமல் ஆணையைக் கேளுங்கள். விண்ணப்பம் போட்டு, தொகை கட்டி, ஆணை வாங்காமல் விட்ட மனைகள் நிறையவே இருக்கின்றன.

6. காலிமனை வரியும் கட்டட அனுமதியும்

வெறும் மனைக்கும் வரி உண்டு என்பது பலருக்கு அனுமதி கேட்கப் போகும்போதுதான் தெரிகிறது. பழைய ஆண்டுகளின் தொகையையும் சேர்த்துக் கேட்பார்கள். முந்தைய உரிமையாளர் காலத்துப் பாக்கியும் மனையோடுதான் வரும். அதனால் விலை பேசும்போதே இதைப் பேசி முடியுங்கள். மனை உங்கள் பெயருக்கு வந்ததும் காலிமனை வரி விதிக்க நீங்களே விண்ணப்பிப்பது நல்லது.

அப்புறம் கட்டட அனுமதி. 2019ஆம் ஆண்டு ஒருங்கிணைந்த கட்டட விதிகள்தான் பக்க இடைவெளி, உயரம், பரப்பு எல்லாவற்றுக்கும் அளவுகோல். 2,500 சதுர அடி வரையான மனையில் 3,500 சதுர அடி வரை வீடு கட்ட, 2024 ஜூலையில் சுயசான்று முறை வந்தது. ஒற்றைச் சாளரத் தளத்தில் விவரங்களைக் கொடுத்துக் கட்டணம் செலுத்தினால் அனுமதி உடனே கிடைக்கும். வேகமான வழிதான். ஆனால் நீங்கள் தரும் உறுதிமொழியின் பேரில் கிடைக்கும் அனுமதி அது. 2, 3, 4, 5 ஆகிய படிகளைத் தாண்டிக் குதித்து இங்கே வந்தால், தவறான உறுதிக்கு நீங்களே பொறுப்பு.

7. கட்டி முடித்ததும் வரிவிதிப்பு

வீடு முடிந்தவுடன் சொத்து வரி விதிக்க நகர்ப்புற உள்ளாட்சிகளின் இணையவழி வரித் தளத்திலோ அலுவலகத்திலோ விண்ணப்பியுங்கள். அவர்களே வந்து பார்க்கட்டும் என்று காத்திருந்தால் பின்தேதியிலிருந்து மொத்தமாகக் கேட்பார்கள்.

வரி எப்படி வருகிறது என்று தெரிந்துகொண்டால்தான் தவறைக் கண்டுபிடிக்க முடியும். கட்டடத்தின் பரப்பு, தெரு எந்த மண்டலத்தில் இருக்கிறது, கட்டடம் எந்த வகை (கான்கிரீட், ஓடு, கூரை), எதற்குப் பயன்படுகிறது, எத்தனை ஆண்டு பழையது ஆகியவற்றை வைத்து ஆண்டு மதிப்பைக் கணக்கிடுவார்கள். அதன்மேல் வரி விகிதம். நூலக வரியும் சேர்ந்து வரும். வரி அரையாண்டுக் கணக்கு: ஏப்ரல் முதல் செப்டம்பர், அக்டோபர் முதல் மார்ச்.

அளக்க வரும்போது நீங்கள் கட்டாயம் வீட்டில் இருங்கள். அனுமதி வரைபட நகலைக் கையில் கொடுங்கள். அவர்கள் எழுதும் பரப்பை உங்கள் கண்முன்னே ஒப்பிடுங்கள். சதுர மீட்டரில் எழுதிய எண்ணைச் சதுர அடியாகப் பதிவதும், நேர்மாறாகப் பதிவதும் நடக்கிறது.

பரப்பு ஏன் அவ்வளவு முக்கியம்? 2022இல் வரியை உயர்த்தியபோது குடியிருப்புகளுக்கு 600 சதுர அடி வரை 25 விழுக்காடு, 601 முதல் 1,200 வரை 50, 1,201 முதல் 1,800 வரை 75, அதற்கு மேல் 100 விழுக்காடு என்று உயர்வு விகிதத்தையே பரப்பை வைத்துத்தான் பிரித்தார்கள். அரையாண்டுக்கு 600 ரூபாய் கட்டிய வீடு ஒன்றை எடுத்துக்கொள்வோம். 1,190 சதுர அடி என்று பதிவாகியிருந்தால் 900 ரூபாய். அதே வீடு தவறாக 1,210 என்று பதிவாகியிருந்தால் 1,050 ரூபாய். இருபது சதுர அடிப் பிழை ஒவ்வொரு அரையாண்டும் 150 ரூபாயாகத் திரும்பி வரும், அடுத்த உயர்வு அந்தத் தொகையின் மேல்தான் ஏறும்.

பயன்பாட்டை மறைக்காதீர்கள். முன்பக்கம் ஒரு கடை போட்டு வாடகைக்கு விட்டிருந்தால், அந்தப் பகுதியை மட்டும் வணிகமாகவும் மீதியைக் குடியிருப்பாகவும் பிரித்து விதிக்கச் சொல்லுங்கள். பிரித்துக் கேட்காவிட்டால் இரண்டு ஆபத்து: முழு வீட்டையும் வணிகமாகப் போட்டுவிடலாம், அல்லது முழுவதும் குடியிருப்பாகப் போட்டுப் பின்னால் ஆய்வில் வித்தியாசத்தை மொத்தமாக வசூலிக்கலாம். இன்னொன்றும் சொல்ல வேண்டும். வணிக வரி கட்டுவதால் குடியிருப்புப் பகுதியில் கடை நடத்த அனுமதி கிடைத்ததாக ஆகாது. அது 4ஆம் படியின் விஷயம்.

8. பழைய வீடு வாங்கியிருந்தால்: பெயர் மாற்றம்

பழைய வீடு என்றால் புதிய வரிவிதிப்பு கேட்காதீர்கள், பெயர் மாற்றம் கேளுங்கள். புதிதாகக் கேட்டால் ஒரே வீட்டுக்கு இரண்டு வரிவிதிப்பு எண் விழும். பழைய எண்ணில் பாக்கி ஏறிக்கொண்டே இருக்கும். முதலில் நிலுவையைக் கட்டி முடியுங்கள், பிறகு கிரயப் பத்திரம், வில்லங்கச் சான்று, கடைசி ரசீது ஆகியவற்றோடு விண்ணப்பியுங்கள்.

வாரிசுகள் பலர் இருக்கும் வீட்டில், பாகப்பிரிவினை ஆகாதவரை எல்லோர் பெயரிலும் கூட்டாக மாற்றுவதே சரி. "அண்ணன் பேர்ல மட்டும் இருக்கட்டும், அப்புறம் பாத்துக்கலாம்" என்று விட்ட குடும்பங்களில் பிறகு மனஸ்தாபம் வந்ததைப் பார்த்திருக்கிறேன். வரிப் பெயர் உரிமையைத் தராது என்பது சட்டப்படி உண்மை. தங்கையின் மனதில் அது அப்படிப் படுவதில்லை.

9. வரி அதிகம் என்று தோன்றினால்

வரிவிதிப்பு அறிவிப்பிலேயே ஆட்சேபம் தெரிவிக்கும் கெடு இருக்கும். அதற்குள் எழுத்து மூலமாகக் கொடுங்கள். 'வரி ரொம்ப அதிகம்' என்று எழுதினால் பயன் இருக்காது. பரப்பு, மண்டலம், வகை, பயன்பாடு, வயது ஆகிய ஐந்தில் எது தவறு என்று குறிப்பிட்டு ஆதாரம் இணையுங்கள். கணக்குத் தாள் கிடைக்கவில்லை என்றால் 2005ஆம் ஆண்டு தகவல் உரிமைச் சட்டத்தின் கீழ் 10 ரூபாய்க் கட்டணத்தில் கேட்கலாம். 30 நாளில் பதில் தர வேண்டும். கொடுக்கும் ஒவ்வொரு மனுவுக்கும் தேதியோடு ஒப்புகை வாங்குங்கள். ஒப்புகை இல்லாத மனுவைக் கொடுத்ததாக யாராலும் நிரூபிக்க முடியாது.

ஆட்சேபம் நிலுவையில் இருக்கிறது என்று வரியைக் கட்டாமல் நிறுத்த வேண்டாம். தாமதத்துக்கு மாதம் 1 விழுக்காடு வட்டி ஏறும். கட்டிவிட்டு வாதாடுங்கள், குறைத்தால் அடுத்த அரையாண்டில் சரிக்கட்டச் சொல்லலாம்.

10. கட்டும் நாள்

அரையாண்டு தொடங்கிய 30 நாளுக்குள், அதாவது ஏப்ரல் 30க்குள்ளும் அக்டோபர் 30க்குள்ளும் கட்டினால் 5 விழுக்காடு ஊக்கத்தொகை உண்டு, உச்சவரம்பு 5,000 ரூபாய். இணையத்தில் கட்டினால் ரசீதைத் திறந்து வரிவிதிப்பு எண், பெயர், அரையாண்டு மூன்றையும் அப்போதே படியுங்கள். சரியாக இருந்தால் ஒரு அச்சுப் பிரதி எடுத்து, பட்டாவும் அனுமதி ஆணையும் இருக்கும் அதே கோப்பில் வையுங்கள்.